பெட்டிக்காரனின் நான்கு சந்தேகங்கள்

விளக்குக்காரிக்கு என் தங்கையின் முகத்தைக் கொடுத்தது நான்தான். இதில் வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. அந்த விளையாட்டைச் செய்த கம்பெனிக்காரர்கள் அவளுக்கு முகமே வைக்கவில்லை. பழைய காலத்து கம்ப்யூட்டர் விளையாட்டு அது. திரையில் அவள் கட்டைவிரல் நகம் அளவுதான் இருப்பாள். நீளமான கோட்டு, கழுத்தில் ஒரு துணி, கையில் விளக்கு, முகம் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று புள்ளி. வெள்ளத்தில் மெல்ல மூழ்கிக்கொண்டிருக்கும் ஊரில், தண்ணீர் ஏற ஏற, மாடி மாடியாகப் போய் விளக்கேற்றுவாள். இரண்டு பாகம் வந்தது. மூன்றாவது வருவதற்குள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். ஏழாவது மாடிப் படியில் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பாதியில் விட்ட எதைப் பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். நான் ஒரு எஞ்சினியரின் ஆபீஸில் கட்டட வரைபடம் போடுகிறவள். பதினோரு வருஷமாக அடுத்தவர்களின் வீட்டுக்குச் சுவரும் கதவும் ஜன்னலும் போட்டுக் கொடுக்கிறேன், ஒருத்தர்கூட வரைந்தது யார் என்று கேட்டதில்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொள்ள, மூன்றாம் பாகத்தை நானே எழுத ஆரம்பித்தேன். வாரம் ஒரு அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஒரு படம். விளையாட்டின் ரசிகர்கள் கூடும் தளத்தில் போட்டேன். முதலில் பத்துப் பேர் படித்தார்கள். பிறகு நூறு. பிறகு நாலாயிரம். ஒரு கட்டத்தில் நான் எழுதுவதையே அவர்கள் மூலக்கதை என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மூலக்கதையில் இருப்பதுதான் நடந்தது, இல்லாதது நடக்கவில்லை. ரசிகர்களுக்குள் அது சட்டம். எனக்குத் தலைக்கனம் ஏறியது என்று ஒப்புக்கொள்கிறேன்.

படம் போட முகம் வேண்டும், உடம்பு வேண்டும். கைவசம் இருந்தது தங்கைதான். அம்மா போன பிறகு அந்த மூன்றாவது மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவள் ஒரு பிராணிகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். நாய்க்கும் பூனைக்கும் எக்ஸ்ரே எடுக்கும்போது அசையாமல் பிடித்துக்கொள்வது அவள் வேலை. அசையாமல் நிற்பதன் அருமை தெரிந்தவள் என்று நினைத்தேன். கொஞ்சமும் தெரியாது.

"எவ்ளோ நேரம்க்கா? கழுத்து புடிச்சுக்கிச்சு."

"ரெண்டு நிமிஷம் ஆகல இன்னும். நாய்கூட இதவிட ஒழுங்கா நிக்கும்."

"நாய்க்கு நாங்க பிஸ்கட்டாவது குடுப்போம்."

என் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, குடையை விளக்கு மாதிரி தூக்கிப் பிடித்து, ஹாலில் ஜன்னல் பக்கம் நிற்பாள். நான் போனில் போட்டோ எடுப்பேன். கம்ப்யூட்டரில் அந்தப் போட்டோவை அடியில் வைத்து, அதன்மேல் லேயர் லேயராக வரைவேன். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற மாதிரிதான். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் குறி இருக்கும். தட்டினால் அந்த லேயர் மறையும், மறுபடி தட்டினால் தெரியும். வரைந்து முடித்ததும் போட்டோவை மறைத்துவிட்டுப் படத்தைத் தளத்தில் போடுவேன்.

விளக்குக்காரியின் வீடும் எங்கள் வீடுதான். புதிதாக ஒரு வீட்டைக் கற்பனை செய்ய யாருக்கு நேரம் இருக்கிறது? சுவரில் இருந்த ஈரக்கறையை விட்டுவிட்டேன், ஸ்விட்ச் போர்டை எடுத்துவிட்டேன். மற்றபடி அளவுக்கு அளவு எங்கள் ஹால். பழக்கதோஷத்தில் படத்தின் கீழ் ஓரத்தில் அளவும் எழுதிவிடுவேன். சுவர் பதினோரு அடி, ஜன்னல் தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி. யாரும் கேட்கவில்லை. கை சும்மா இருக்காது.

கேட்டவன் ஒருவன் வந்தான். தளத்தில் அவன் வைத்துக்கொண்ட பெயர் பெட்டிக்காரன். என் ஒவ்வொரு படத்தையும் அவன் ஒரு செருப்புப் பெட்டிக்குள் பொம்மை வீடாகச் செய்து போட்டோ எடுத்துப் போடுவான். ஓரடிக்கு ஓரங்குலம் என்ற கணக்கு. ஐந்தங்குல உயரத்தில் ஒரு விளக்குக்காரி, தீக்குச்சி கனத்தில் ஜன்னல் கம்பி, பட்டன் அளவில் விளக்கு. முதல் பெட்டியைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கையை அடுப்படியிலிருந்து இழுத்து வந்து காட்டினேன். அவள், "ஐயோ, என் மூக்க எவ்ளோ அழகா செஞ்சிருக்கான்!" என்றாள்.

அவனுக்கு ஒரு கொள்கை. முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக வருவான், ஒன்றைக்கூடத் தாண்டமாட்டான். படத்தில் இல்லாததைச் சேர்க்கமாட்டான், இருப்பதை விடமாட்டான். அளவில் எங்காவது ஒரு அங்குலம் உதைத்தால் பணிவாகக் கேட்பான். 'அக்கா, பன்னிரண்டாம் படத்துல கதவு உயரம் ஆறே முக்கால், பதினாறாம் படத்துல ஏழு. எது சரி?' நான் டேப் எடுத்து அளந்து பதில் போடுவேன். எஞ்சினியர் பதினோரு வருஷத்தில் கவனிக்காத என் கையை ஒருவன் மில்லிமீட்டர் கணக்கில் கவனிக்கிறான் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆபீஸில் லஞ்சு நேரத்தில் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அவனுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

முப்பதாவது அத்தியாயம் வந்தபோது வாசகர்கள் பரிசு கேட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் அது ஒரு வழக்கம். படம் போடுகிறவர்கள் எப்போதாவது ஒரு தடவை லேயரோடு முழு ஃபைலையும் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் இஷ்டத்துக்கு வண்ணம் தீட்டிக்கொள்வார்கள். நானும் முப்பதாம் படத்தின் ஃபைலைக் கொடுத்தேன். விளக்குக்காரி ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கும் படம். நானூறு பேருக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். பச்சைக் கோட்டு, சிவப்புக் கோட்டு என்று பத்து நாளைக்குத் தளமே களைகட்டியது.

பிறகு பெட்டிக்காரனின் முப்பதாவது பெட்டி வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் எதுவோ நெருடியது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரில் ஈரக்கறை இருந்தது. வலது பக்கம் வால் நீட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுக் கறை எப்படி இருக்குமோ அப்படி. அதன் கீழே ஸ்விட்ச் போர்டு, மூன்று ஸ்விட்ச், நான்காவது இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. பொம்மையின் கோட்டுக் கழுத்துக்குள் நகக்கண் அளவுக்கு ஒரு பச்சைச் சட்டை எட்டிப் பார்த்தது. அதில் ஒரு நாய்ப்பாதம்.

அது தங்கையின் ஆஸ்பத்திரிச் சட்டை. என் ஃபைலைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த லேயரின் கண் குறியைத் தட்டினேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, குடையைத் தூக்கிப் பிடித்து, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு என் தங்கை நின்றாள். மறைத்திருந்தேனே தவிர, அழிக்கவில்லை. சட்டையில் ஆஸ்பத்திரியின் பெயர் பளிச்சென்று படிக்கும்படி இருந்தது. உடனே ஃபைலை எடுத்துவிட்டேன், எடுத்து என்ன செய்ய?

அவனிடமே கேட்டேன். எங்கிருந்து இதையெல்லாம் எடுத்தீர்கள் என்று. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

'அடியில இருந்த லேயர்ல இருந்தது அக்கா. நீங்க குடுத்த ஃபைல்ல இருந்தா அதுவும் மூலம்தானே? விட்டுட்டா தப்பாயிடுமேன்னு வச்சேன். ஏதாவது அளவு பிசகா?'

தங்கையிடம் சொன்னபோது முதலில் கத்தினாள். அப்புறம் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "நானூறு பேர் எடுத்துக்கிட்ட படத்துல நாக்க நீட்டிக்கிட்டு நிக்கறேன். ஒரு நல்ல போட்டோவா பாத்து விடக்கூடாதா?" என்றாள். நானும் சிரித்துவைத்தேன். பொம்மை செய்கிறவன்தானே, பாவம், கொஞ்சம் கழன்ற கேஸ் என்று நாங்களே எங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம். கதையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முப்பத்தாறு அத்தியாயம் வரைக்கும் எழுதினேன். அவன் பின்னாலேயே பெட்டி பெட்டியாக வந்துகொண்டிருந்தான்.

முப்பத்து மூன்றாம் படம் ஒரு மாடிப்படி. படியில் விளக்கு மட்டும் இருக்கும், விளக்குக்காரி இருக்கமாட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸில் அவனுடைய போட்டோவைத் திறந்தேன். வழக்கத்தைவிடத் தத்ரூபமாக இருந்தது. நான் படிகளை எண்ணினேன், அதுவும் பழக்கதோஷம்தான். கீழேயிருந்து ஐந்தாவது படி மற்றதைவிட முக்கால் அங்குலம் குட்டை.

எங்கள் கட்டடத்தில் ஐந்தாவது படி முக்கால் அங்குலம் குட்டை. கட்டினவன் செய்த கோளாறு. தினமும் ஏறி இறங்கும்போதெல்லாம் அவனைத் திட்டுகிறவள் நான். என் படத்தில் அதைச் சரிசெய்து, எல்லாப் படியையும் ஒரே உயரத்தில்தான் போட்டிருந்தேன். ஹால் போட்டோ அவனிடம் இருந்தது உண்மை. படியை நான் போட்டோ எடுத்ததே இல்லை. அப்போதுதான் உறைத்தது, இது பெட்டிக்குள் இருக்கும் பொம்மைப் படி இல்லை, எங்கள் படியேதான்.

தங்கைக்குப் போன் போட்டேன். பின்னால் ஏதோ நாய் குரைத்துக்கொண்டிருந்தது.

"நம்ம படிக்கட்டுல விளக்கு மாதிரி ஏதாவது பாத்தியாடி?"

"ஆமா, நேத்து காலையில இருந்துச்சே. நீதான் ஆர்டர் பண்ணியிருக்கேன்னு நெனச்சு எடுத்து ஃப்ரிட்ஜ் மேல வச்சேன். செமையா இருக்குக்கா. என்ன விலை?"

அன்று நான் பாதி வேலையில் எழுந்து வீட்டுக்குப் போனேன். தகரத்தை வெட்டி, பற்றவைத்து, கண்ணாடி பதித்து, முழு அளவில் விளக்கு ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்தது. நான் படத்தில் கொடுத்த அளவில் ஒரு நூல் பிசகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து, வேலை முடிந்து வரும் தங்கையின் பின்னாலேயே வந்திருக்கிறான். எத்தனை நாள் வந்தானோ. அவனுடைய முகம் எப்படி இருக்கும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் காலை விளக்கைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். புகார் மேஜையில் இருந்த போலீஸ் அம்மா விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இத ஒருத்தன் வச்சுட்டுப் போனான். சரி. எதையாவது எடுத்துட்டுப் போனானா?"

"இல்லைங்க."

"மெரட்டுனானா?"

"இல்லைங்க. அக்கா அக்கான்னுதான் பேசறான்."

"அவன் படியில வச்சான், நீங்க எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க. நியாயமா பாத்தா அவன்தான் புகார் குடுக்கணும். ஆளு பேரு என்ன?"

"பெட்டிக்காரன்."

"அப்பா பேரு?"

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை. அந்த அம்மா கெட்டவர் இல்லை, எழுதி வாங்கிக்கொண்டார். தளத்துக்காரர்களிடம் ஆளின் விவரம் கேட்போம், வருவதற்கு நாளாகும், அதுவரை கதவை நன்றாகச் சாத்திக்கொள்ளுங்கள் என்றார். வீடு மாற்றலாம் என்றால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு எங்கே போவது? ஆஸ்பத்திரியைத் தெரிந்தவனுக்கு அடுத்த வீட்டைக் கண்டுபிடிப்பது எத்தனை நாள் வேலை?

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கைதான் அந்த யோசனையைச் சொன்னாள். ஹாலில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"அவன் என்ன செய்யறான்? நீ போடறத அப்படியே செய்யறான். நீ போடலேன்னா?"

"சும்மா நிறுத்தினா கெளறிக்கிட்டே இருப்பான். அடுத்தது எப்போ, அடுத்தது எப்போன்னு."

"அப்ப முடிச்சுடு. அவளக் கொன்னுடு. செத்துட்டா கதை முடிஞ்சுது, இவனுக்கு வேலையும் முடிஞ்சுது. வேற ஏதாவது பொம்மையப் பாத்துக்கிட்டுப் போயிடுவான்."

அன்றைக்கு அது எங்களுக்கு மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. அவளே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்து கதவுக்கும் பீரோவுக்கும் நடுவில் தரையில் படுத்தாள். "சீக்கிரம் கொல்லுக்கா, தரை ஜில்லுன்னு இருக்கு" என்றாள். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தபடி கிடந்தாள். என்னால் முடியவில்லை. பிறந்த அன்றைக்கு நான் கையில் வாங்கின முகம் அது. "கவுந்து படு" என்றேன். கவிழ்ந்து படுத்தாள். முதுகும் கோட்டும், ஒரு பக்கம் கிடந்த கையும்தான் படத்தில் விழுந்தது.

அன்று மத்தியானமே முப்பத்தேழாம் அத்தியாயத்தை எழுதினேன். விளக்குக்காரியின் பின்னாலேயே ஒருவன் படியேறி வருகிறான், கதவைத் தட்டுகிறான், திறந்தவளின் கழுத்துத் துணியைப் பிடித்து இறுக்குகிறான், விளக்கு அணைகிறது. வழக்கம்போல எல்லாவற்றையும் எழுதினேன். ஜன்னல் நிழல் தரையில் விழும் கோணத்தை வைத்து நேரம் காலை ஏழே கால் என்றும் போட்டேன். ஃபைலில் எந்தப் போட்டோவும் ஒளிந்திருக்கவில்லை என்று மூன்று தரம் பார்த்துவிட்டு, முற்றும் என்று எழுதித் தளத்தில் போட்டேன். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் சினிமாவுக்குப் போய்விட்டு வந்தோம்.

திங்கட்கிழமை லஞ்சு நேரத்தில் தளத்தைத் திறந்தேன். அறுநூறு கமெண்ட்டுக்கு மேல் இருந்தது. அழுதிருந்தார்கள், என்னைத் திட்டியிருந்தார்கள், விளக்குப் படம் போட்டு அஞ்சலி செலுத்தியிருந்தார்கள். நடுவில் அவன்.

'அக்கா, நாலு சந்தேகம். ஒண்ணு, அவ திறக்கறதுக்கு முன்னாடி கதவு தாழ்ப்பாள் போட்டிருந்துச்சா இல்ல வெறுமனே சாத்தியிருந்துச்சா? படத்துல தெரியல. ரெண்டாவது, தலை பீரோ பக்கமா, கதவுப் பக்கமா? கோட்டு மறைக்குது. மூணாவது, கழுத்துத் துணி எத்தனை அடி? நாலாவதுதான் பெரிய சந்தேகம். பொம்மைக்கு மூச்சு கிடையாது. அதனால மூச்சு நின்ன மாதிரி அதுல கொண்டுவரவே முடியல, மூணு தரம் செஞ்சு பாத்துட்டேன். படிக்கட்டு மாதிரி இந்தப் படத்தையும் முழு அளவுல செய்யணும்னு தோணுது. கோட்டு ஏற்கனவே தைச்சு வச்சிருக்கேன், தங்கச்சிக்கு சரியா இருக்கும். நடுவுல இன்னும் மூணு படம் பாக்கி. வாரம் ஒண்ணுன்னு வரிசைப்படிதான் வருவேன், அவசரமில்ல, நிதானமா பதில் சொல்லுங்க.'

அவள் என் தங்கை என்று தளத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதைவிட மோசமானது வேறு ஒன்று. அந்தக் கமெண்ட்டை வாசித்துக்கொண்டிருந்தபோதே அது எனக்குப் புரிந்துவிட்டது. படத்தில் இல்லாததை அவன் செய்யமாட்டான். நேற்று மத்தியானம் வரைக்கும் அவள் சாவது எந்தப் படத்திலும் இல்லை. அதுவரைக்கும் அவனால் அவளை எதுவும் செய்திருக்க முடியாது. படிவரைக்கும் வந்தவன் விளக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் போனானே, ஏன்? படத்தில் அவ்வளவுதான் இருந்தது. கொலையை வரைந்து, அளவு போட்டு, நேரம் குறித்து அவன் கையில் கொடுத்தவள் நான். பதினோரு வருஷம் கட்டட வரைபடம் போட்டவளுக்கு, கையில் கொடுத்த வரைபடத்தைக் கட்டுவார்கள் என்பது தெரியாமல் போய்விட்டது.

அன்றைக்கே தங்கையை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். போலீஸ் ஸ்டேஷன் அம்மா இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. கமெண்ட்டை இரண்டு தரம் படித்தார். "ஆளு யாருன்னு தெரிஞ்சா தூக்கிடலாம். தெரியணுமே" என்றார். ஸ்டேஷனிலிருந்தே அத்தியாயத்தைத் தளத்திலிருந்து எடுத்தேன். வீடு வந்து சேர்வதற்குள் பதில் வந்திருந்தது. 'அழிஞ்சு போச்சா அக்கா? கவலைப்படாதீங்க. எங்கிட்ட பிரதி இருக்கு.'

அவள் சாகவில்லை, எல்லாம் கனவு என்று முப்பத்தெட்டாம் அத்தியாயம் எழுதினேன். வாசகர்கள் காறித் துப்பாத குறை. காது குத்துகிறாயா என்றார்கள். அவன் மட்டும் மரியாதையாக எழுதினான். 'இத என்னால ஏத்துக்க முடியாது அக்கா. படம் இருக்கே. படத்துல ஒருத்தி செத்துக் கிடக்கறா. கனவுன்னு வாயால சொன்னா அவ எழுந்துடுவாளா?'

முப்பத்து நான்காவது பெட்டி வந்தது. அடுத்த வாரம் முப்பத்தைந்து. தங்கை டாக்டரம்மா வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வந்தாள். தெருவில் தனியாக நடப்பதில்லை. தன் பின்னால் யார் வந்தாலும் நின்று திரும்பிப் பார்த்தாள், கடைசியில் ஒரு தபால்காரரைப் பார்த்துக் கத்திவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை என்று போனில் அழுதாள். எதற்கும் சிரிக்கிறவள் அவள்.

அந்தச் சனிக்கிழமை முப்பத்தேழாம் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படம்தான் அவனுக்குச் சட்டம் என்றால், படத்தில் என்னதான் இருக்கிறது? ஆபீஸில் அடுத்தவன் போட்ட வரைபடத்தைச் சரிபார்க்கும்போது செய்வதைச் செய்தேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தாளில் இருப்பதை மட்டும் பார்த்தேன். ஒரு தரை. ஒரு கோட்டு. அதற்குள் கவிழ்ந்து கிடக்கும் ஒரு பெண். அது விளக்குக்காரி என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். முகம் இல்லை.

நான் எழுந்து மழைக்கோட்டை மாட்டிக்கொண்டேன். போனை நாற்காலியில் சாய்த்து, பத்து நொடி கழித்துத் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு, கதவுக்கும் பீரோவுக்கும் நடுவில் போய் மல்லாந்து படுத்தேன். தரை உண்மையிலேயே ஜில்லென்றுதான் இருந்தது. முதல் போட்டோவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருந்தேன். அது சரியில்லை, அடையாளம் தெரியவேண்டும் என்று மாட்டிக்கொண்டு மறுபடி எடுத்தேன்.

வரைய மூன்று மணி நேரம் ஆனது. என் முகத்தை நான் அதுவரை வரைந்ததே இல்லை. தாடை கொஞ்சம் அகலம், இடது புருவம் ஏறி இருக்கும், எதையும் குறைக்கவில்லை. முந்தைய படத்தில் இருந்த அதே தரை, அதே நிழல், அதே கோட்டு, உடம்பு மட்டும் புரண்டிருக்கிறது. அத்தியாயம் ஒரு பக்கம்தான். விளக்குக்காரி முந்தின நாளே ஊரைவிட்டுப் படகில் போய்விட்டாள். அன்றைக்குக் காலை அவளுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தது அவளுடைய அக்கா. பின்னால் வந்தவன் முகம் பார்க்காமல் இறுக்கிவிட்டான். வந்த வேலை முடிந்தது, படகு போய்விட்டது, அவளை இனி யாரும் தேடமாட்டார்கள். இதை எழுதி, படத்தோடு போட்டேன்.

தங்கை கால் மணி நேரத்தில் போன் செய்தாள்.

"அக்கா, என்ன பண்ணி வச்சிருக்க? அது உன் மூஞ்சி."

"தெரியும்."

"எடுத்துடு. இப்பவே எடு. உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?"

"போலீஸ்ல சொல்லிட்டேன்டி. காலையில கீழ ஒரு ஆள் நிறுத்தறேன்னு சொல்லியிருக்காங்க."

"அவங்க சொன்னது நெஜமா, இல்ல நீ விடற கதையா?"

பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நான், "நிறுத்தறாங்க, நீ நல்லா சாப்புடு" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அவனிடமிருந்து அன்றைக்கு எதுவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஏற்கமாட்டான், மறுபடியும் ஏமாற்று என்பான், கோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா வீட்டு வாசலில் போய் நிற்பான் என்று என்னவெல்லாமோ தோன்றியது. திங்கட்கிழமை ஆபீஸில் ஒரு வீட்டுக்கு மாடிப்படி போட்டுக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது.

'பாத்தேன் அக்கா. ரெண்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தேன். தரை, நிழல், கோட்டு எல்லாம் பொருந்துது. அப்படீன்னா ஆரம்பத்துலேர்ந்தே அது அக்காதான், நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். மன்னிச்சுக்குங்க. தங்கச்சி அளவுக்குத் தைச்ச கோட்டை நேத்தே பிரிச்சுட்டேன். முப்பத்தாறாவது பெட்டி நாளைக்கு முடிஞ்சுடும். கோட்டை உங்களுக்குத் தைக்கணும். தோள் எவ்ளோ?'

அந்தக் கோட்டைப் பிரித்துவிட்டான். அதை நான் நாலைந்து தரம் படித்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் போட்ட எந்த வரைபடத்துக்கும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. இப்போது அவன் எந்த வீட்டுக்கு வருவான், எத்தனை மணிக்கு வருவான், யாரைத் தேடி வருவான் என்று எனக்குத் தெரியும். தங்கை இன்றைக்குத் தெருவில் நிம்மதியாக நடக்கலாம்.

மேஜை டிராயரிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு பாத்ரூம் கண்ணாடி முன்னால் போய் நின்று அளந்தேன். தோள் பதினைந்தரை அங்குலம். தப்பாக இருக்கக்கூடாது என்று இன்னொரு தரம் அளந்தேன். பிறகு வந்து உட்கார்ந்து, அவனுடைய நான்கு சந்தேகங்களில் முதலாவதிலிருந்து பதில் எழுத ஆரம்பித்தேன்.

'கதவு தாழ்ப்பாள் போட்டிருக்காது.'